டைனோசரின் மூன்றாவது கால்

ஜூன் 3, திங்கள்

நான் அன்றே சொன்னேன். எல்லாம் அப்படியே நடந்துவிட்டது. பூங்காவில் நான் வெல்டிங் செய்து நிறுத்திய டைனோசரின் வால், அடியில் ஒரு முழ நீளத்துக்கு வெடித்துவிட்டது. திறப்பு விழாவுக்கு இருபத்து நான்கு நாள்தான் இருக்கிறது. பூங்கா மேலாளர் பேயறைந்தவர் மாதிரி நின்றார்.

"வாலைத் தரையில ஊனி வெச்சா வெடிக்கும்னு எனக்கு அப்பவே தெரியும் சார். ஓவியர் படத்துல அப்படித்தான போட்டுக் குடுத்தாரு? நான் என்ன பண்றது?" என்றேன்.

"தெரியும்ல? அப்ப தெரிஞ்ச மாதிரியே செஞ்சு குடுங்க. வால் மேல இருக்கணும்."

ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. வாலைத் தூக்கிவிட்டால் மிச்சம் இரண்டே கால். உயரமோ பதினெட்டு அடி. (வீட்டில் முப்பது என்று சொல்லியிருக்கிறேன்.)

ஜூன் 4, செவ்வாய்

அக்கா மகள் வந்து பார்த்தாள். கால்நடை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டில் பெயரே எக்ஸ்ரேதான். சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மாமா, இது ஏன் நாற்காலி இல்லாம உக்காந்திருக்கு?"

டைனோசர் நடந்த தடங்கள் பாறையில் கிடைத்திருக்கின்றனவாம். வால் இழுபட்ட கோடு அவற்றில் மிக மிக அபூர்வமாம்.

"இதையேதான் நானும் சொன்னேன்" என்றேன்.

"யார்கிட்ட?"

நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

தலை சுற்றுகிறது. கோழியும் டைனோசர் வம்சம்தானாம். காலொடிந்த கோழியின் எக்ஸ்ரே ஒன்றை அக்கா மகள் காட்டினாள். பின்பக்கம் மடங்குவது முழங்கால் இல்லையாம், கணுக்காலாம். முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறதாம். அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் பார்த்த கோழியெல்லாம் நுனிவிரலில் நின்றதா?

டைனோசரின் கையில் மூன்று விரல் வைத்திருக்கிறேன், இந்த வகைக்கு இரண்டுதான் என்கிறாள். உள்ளங்கை தரையைப் பார்க்கக்கூடாதாம், கைதட்டுகிற மாதிரி ஒன்றையொன்று பார்க்க வேண்டுமாம். சரி, உதடு உண்டா? அதில் இன்னும் சண்டை நடக்கிறதாம். இறகு? உறவுக்கார வகைகள் சிலவற்றுக்கு இருந்ததாம். இதற்குச் செதில் பதிந்த தோல்தடம் கிடைத்திருக்கிறதாம், வேறெங்காவது இறகு இருந்ததா என்று தெரியாதாம். நிறம்? அதுவும் தெரியாதாம். நானோ எட்டு டப்பா பச்சை வாங்கி வைத்திருக்கிறேன்.

"பின்ன என்னதான்டி தெரியும் உங்களுக்கெல்லாம்?"

"வால் மேல இருக்கும்னு தெரியும் மாமா."

மதியம் தட்டில் கோழிக்கால். கணுக்கால் எது என்று வெகுநேரம் திருப்பிப் பார்த்தேன். "சாப்பிடுறீங்களா, போஸ்ட்மார்ட்டம் பண்றீங்களா?" என்றாள் மனைவி.

ஜூன் 11, செவ்வாய்

வாலை அறுத்து மேலே தூக்கி வெல்டு வைத்தேன். மொத்த உடம்பும் பின்பக்கம் சாய்ந்தது. கிரேன் பிடித்திருந்ததால் உயிரோடு எழுதுகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

எக்ஸ்ரே ஒரு பென்சிலை விரல்மேல் குறுக்கே வைத்துக் காட்டினாள். "இடுப்புதான் மாமா நடு. ஒரு பக்கம் தலை, இன்னொரு பக்கம் வால். தராசு மாதிரி."

அட, இது என் தொழில் ஆயிற்றே! இதை எலும்பு என்று சொல்லாமல் எடை என்று சொல்லியிருந்தால் முதல் நாளே புரிந்திருக்கும். முதுகை இடுப்பில் அறுத்தேன். மார்பை முன்னால் சாய்த்தேன். பாதத்துக்கு அடியில் இரும்புத் தகடு, தகட்டை அஸ்திவாரத்தோடு முடுக்கினேன். கிரேன்காரர் சங்கிலியை மெல்லத் தளர்த்தினார். ஆடவில்லை.

கிரேன்காரர் இறங்கி வந்து இரண்டடி பின்னால் போனார். "அண்ணே, இதுவரைக்கும் அது நின்னுச்சு. இப்ப வருது."

பூங்காவே கைதட்டியது. (நான்கு பேர் இருந்தோம்.)

ஜூன் 17, திங்கள்

ஓவியர் பட்டறைக்கு வந்தார். இன்னும் ஆறு விலங்குகள் வரைய வேண்டியவர். அவர் வேண்டாம், வேறு ஆள் பார்க்கிறேன் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம்.

சத்தம் போடுவார் என்று பார்த்தேன். போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, நான் வாலைத் தரையிலயா போட்டேன்? தூக்கித்தான் போட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். எங்கிட்ட நகல் இல்ல. நீங்க பார்த்துச் செஞ்சவரு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு போல."

படம் எங்கேயோ போய்விட்டது என்றேன். டீ சொன்னேன். அவர் குடிக்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எனக்கே இப்போது குழப்பம். தரையில் வால் கிடக்கிற அந்தப் படம் கண்ணுக்குள் அச்சு அசலாகத் தெரிகிறது. ஓரத்தில் டீக்கறைகூட இருக்கிறது. இவ்வளவு துல்லியமாகத் தெரிவது பொய்யாக இருக்குமா? எத்தனை பேரிடம் சொன்னேன்? மேலாளர், கிரேன்காரர், டீக்கடை, மச்சான்... சொல்லச் சொல்லக் கறை வந்ததா, கறை முதலிலேயே இருந்ததா?

ஜூன் 20, வியாழன்

எக்ஸ்ரே டைனோசரின் பல்லை எண்ணிக்கொண்டே கேட்டாள். "ஓவியரோட படத்துல கழுத்து எப்படி இருந்துச்சு மாமா?"

"முன்னால நீட்டி, தலை தாழ்ந்து, பாயுற மாதிரி" என்று டக்கென்று சொன்னேன்.

"உடம்பை அப்படிச் சாய்ச்சு வரைஞ்சவர், வாலை மட்டும் எதுக்குத் தரையில போட்டார்? அப்படிப் போட்டா இடுப்பு ஒடிஞ்சிடுமே."

அவள் மறுபடி பல்லை எண்ண ஆரம்பித்தாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

வெல்டிங் ராடு பெட்டிக்கு அடியில் படம் இருந்தது. பார்த்தேன். மூடி வைத்தேன்.

ஜூன் 22, சனி

மறுபடி திறந்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேலாளரைப் பார்க்கப் பூங்காவுக்குப் போனேன்.

ஜூன் 27, வியாழன்

திறப்பு விழா. குழந்தைகள் டைனோசரின் எதிரே வந்ததும் ஓடினார்கள், பிறகு தாங்களே திரும்பி வந்தார்கள். நிறம் பழுப்பு. பச்சை டப்பாக்கள் பட்டறையில் கிடக்கின்றன.

பலகையில் ஓவியர் பெயர் மேலே, என் பெயர் கீழே. மேலாளர் ஐந்து நாளாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஓவியர் அடுத்த விலங்கின் படத்தைக் கையில் கொடுத்தார். மூன்று கொம்பு. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தார்: "கால் நாலு இருக்கு அண்ணே, பயப்பட வேண்டாம்." சிரிக்காமல்தான் கொடுத்தார். நான்தான் சிரித்துப் பார்த்தேன்.

இந்த நோட்டில் ஒரு திருத்தம். ஜூன் 3-ல் ஓவியர் வாலைத் தரையில் போட்டார் என்று எழுதியிருக்கிறேன். அவர் போடவில்லை. வால் வானத்தில்தான் இருந்தது. இரண்டு காலில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் வாலை மூன்றாவது காலாக ஊன்றிவிட்டேன். டீக்கறையும் கிடையாது.