விசா தரும் ஆந்தைகள்

செப். 25, திங்கள்
தூறல். குடை மறந்தேன். மாலை ஐந்தே முக்கால், பார்க். தூங்குமூஞ்சி மரப் பொந்தில் மகாராஜா, மகாராணி. குல்மோஹரில் கலெக்டர் தம்பதி. நாலும் புள்ளி ஆந்தை, உள்ளங்கை அளவு. முறைப்பு மட்டும் மூன்று உலகத்துக்கும் சேர்த்து.
கெட்ட சேதி: வாக்கிங் கூட்டத்துக்கு ஆந்தை முகத்தில் முழிக்க ஆகாதாம். இரண்டு மரத்தையும் வெட்டச் சொல்லி மனு.

செப். 26, செவ்வாய்
வெயில். ஒரே பொய்யில் மனு காலி. "ஜோடியா பார்த்தா மூணே நாள்ல அமெரிக்கா விசா. என் அக்கா பையனுக்கு விசா ஆபீஸர் எழுந்து நின்னு ஸ்டாம்ப் குத்தினான் ஸார்!" அக்கா பையன் இங்கேயே பெங்களூர் பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறான். பாஸ்போர்ட்டே கிடையாது.
எதிர்வீட்டு ஸ்ரீனிவாசன் "ஜோடியாவா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பையனுக்கு 6ந்தேதி மெட்ராஸில் விசா இண்டர்வியூ.

செப். 30, சனி
பார்க்கில் ஊரே. எல்லார் கழுத்தும் மேலே. தோட்டக்கார மாதப்பா கன்னடத்தில்: "ஏன் ஸார், தேவஸ்தானா மாடிபிட்ரி!" கோயிலாக்கிவிட்டேனாம். ஆந்தை குலம் காத்த சக்கரவர்த்தி நான்.
வாங்க: இருமல் மருந்து, டார்ச்சுக்கு செல் இரண்டு, பைனாகுலருக்குக் கயிறு.

அக். 3, செவ்வாய்
மகாராஜா இல்லை. ராணி மட்டும் பொந்து வாசலில். மூட்டு வலி.

அக். 5, வியாழன்
ஸ்ரீனிவாசன் என்னைப் பார்த்ததும் ரூட் மாறினார். மடக்கினேன்.
"பையனுக்கு பார்க் வர டைம் இல்ல ஸார். காந்தி ஜெயந்தி லீவுல ஏணி வச்சு ஜோடியா எடுக்கப் போனேன். ஒண்ணு பறந்துடுச்சு."
"இன்னொண்ணு?"
"குக்கர் பெட்டியில வச்சோம். நேத்து செத்துடுச்சு."
"என்னய்யா போட்டீங்க?"
"தயிர்சாதம். புரட்டாசி ஆச்சே ஸார், வீட்ல கறி ஏத்தமாட்டோம். என் வீட்டுக்காரி மாதுளைகூட உரிச்சுப் போட்டா. தொடலை."
எலி தின்கிற ராஜாவுக்கு விரதம். ஐம்பத்தொன்பது வருஷமாக அளக்கிறேன். என் அளப்பில் முதல் சாவு.

அக். 6, வெள்ளி
காலையில் கூட்டத்தை நிறுத்தி ஒப்புக்கொண்டேன். விசா பொய், லேத் நிஜம். சிரித்தார்கள். "மிச்ச ஜோடியை யாருக்கு ஒதுக்குறீங்க ஸார்? தம்பி பையனுக்கா?"
வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை. ஒருத்தனும் நம்பவில்லை.

அக். 8, ஞாயிறு
மேகமூட்டம். ஸ்ரீனிவாசன் பையனுக்கு விசா கிடைத்துவிட்டது. பார்க் முழுக்க மைசூர்பாகு. என் கையிலும் இரண்டு திணித்தார். கும்பிட்டார்.
குல்மோஹர் அடியில், மாதப்பாவின் ஏணி முதலில் யாருக்கு என்று சண்டை.