லென்ஸ் பெட்டியில் காய்ந்த கணவாய்

கீலுங், தைவான்
பதினொன்றாம் மாதம், ஒன்பதாவது நாளாக மழை

என் கண்ணு ஆ-வானுக்கு அம்மா எழுதுவது. இங்கே முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, உன் அண்ணன் வீட்டிலும் எல்லோரும் சுகம், நீயும் அங்கே வேளைக்குச் சூடாக ஏதாவது சாப்பிட்டு, ஈரத் தலையோடு படுக்காமல், நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முதலில் நல்ல சேதிகள். உன் அண்ணனுடைய மூத்தவன் போ-யென் சுங்கத்துறைப் பரீட்சையில் தேறிவிட்டான், அறுநூறு பேர் எழுதி பதினெட்டுப் பேர்தான் தேறினார்களாம், இனி நம் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் என் பேரன் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு இறங்கும். அடுத்தவள் யூ-திங் நர்ஸ் படிப்பில் வகுப்பிலேயே முதல், வெள்ளைத் தொப்பி வைக்கிற விழாவில் அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், நான் எழுந்து நின்று கை தட்டினேன், உன் அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சின்னவள் பின்-ரூ நீச்சலில் மூன்றாவது, மூன்றாவதுதானா என்று அவள் அம்மா முகத்தைச் சுளித்தாள், நீ முதலில் குளத்தில் இறங்கிக் காட்டு அப்புறம் பேசு என்று சொல்லிவிட்டேன். கடைசியாக உன் சேதி. என் மகள் படம் எடுக்க வெளிநாட்டுக்காரர்களே கூப்பிட்டுப் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று கடல் தாய் மாட்சூ கோயிலில் ஆரம்பித்து மீன் சந்தை வரைக்கும் சொல்லியாகிவிட்டது. சிப்பி விற்கிற லியென், "போர்ச்சுகலா, அது எங்க கிடக்கு?" என்று கேட்டாள். மத்தி மீனை டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்களே அந்த நாடு என்றேன், "அப்ப நல்ல ஊருதான்" என்று ஒத்துக்கொண்டாள். உன் அண்ணன் சுங்-ஜென் மட்டும் வழக்கம்போல, "பதினஞ்சு வருஷமா படம் எடுக்குறா எடுக்குறான்னு கேக்குறேன், டிக்கெட் வாங்கிப் பாத்தவன் ஒருத்தனையும் நான் இன்னும் சந்திக்கலையே" என்றான். நீ இருபது வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறாய், உன் வண்டியில் ஏறினவன் ஒருத்தனையும் நானும் சந்திக்கவில்லை என்றேன். சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

நீ நிலாப் பண்டிகை அன்று போனில் சொன்னதையே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். படத்தை இங்கே எடுக்கப்போவதில்லை, அங்கேயே எடுக்கிறேன், அங்கேயும் மழைதான், அங்கேயும் மலை ஏறுகிற படிக்கட்டுதான், துறைமுகம்தான், அதனால் லென்ஸ் மூன்றையும் அனுப்பி வை என்றாய். நான் சரி என்று சொல்லிவிட்டு, பண்டிகைக்கு வாங்கினதில் பாக்கியிருந்த பம்ளிமாஸ் பழத்தை உரித்துத் தின்றேன். என்னை மாதிரி மீன் வெட்டுகிற கிழவி ஒரு நாள் இனி வேலைக்குப் போகமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிற கதை, "நீ நடிக்கவே வேணாம்மா, நீயா இரு, அது போதும்" என்று நீதானே சொன்னாய். நான் எதையும் கேட்கவில்லை, சொல்கிறேன் அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் வந்து எடுப்பேன் என்று லென்ஸ்களை இங்கே விட்டுப்போனாய், இப்போது நாலு வருஷம் ஆகிறது. அவை இங்கே இருக்கிறவரைக்கும் நீயும் ஒரு நாள் வந்துதானே ஆகவேண்டும் என்று ஒரு தைரியம் இருந்தது.

இனி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், திட்டாமல் படி. உன் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஈரம் உறிஞ்சுகிற பெட்டி இருக்கிறதே, நாற்பத்தைந்தை விட்டு முள் நகரக்கூடாது, யாரும் தொடக்கூடாது என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். ஒரு வருஷம் நான் தொடவில்லை. நம் ஊர் மழை உனக்குத் தெரியாததா, கல்யாணச் செருப்பை எடுத்தால் பூஞ்சை, அப்பா படத்துக்குப் பின்னால் பூஞ்சை, டப்பாவில் வைத்த தேயிலை கூட நனைந்த நாய் மாதிரி நாறுகிறது. இத்தனை பெரிய பெட்டி, மின்சாரமும் தின்கிறது, உள்ளே மூன்று லென்ஸ் மூன்று தட்டில் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேல் தட்டில் ஒரே ஒரு பொட்டலம் காய்ந்த கணவாய் வைத்தேன். அப்புறம் முன்னோருக்குப் படைக்கிற நாளுக்கு வாங்கின காளான், அப்புறம் இறால் கருவாடு. எல்லாம் மொறுமொறு என்று இருந்தது. ஆனால் கணவாய் மட்டும் பலகை மாதிரி விறைத்து, ஒரு ராத்திரி ஊறவைத்தாலும் பல்லுக்கு இளகவில்லை. அதனால் அந்த முள்ளைக் கொஞ்சம் திருப்பினேன். கொஞ்சம் என்றால் எழுபதுக்கு. கணவாய் பதமாக வந்தது.

நீ சொன்னபடி, அனுப்பும் முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று மூன்றையும் என் பஞ்சு மேல்சட்டையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தைபேவுக்கு பஸ் ஏறினேன். நீ வாங்கின அதே கடைதான், வடக்கு வாசல் பக்கத்துக் கேமராத் தெருவில், பான் என்கிறவர். கல்யாண வீடியோ எடுத்துக் கொண்டிருந்த அந்தப் பெண்ணா என்று உன்னை நினைவு வைத்திருக்கிறார். பையைத் திறந்ததும் மூக்கை நீட்டி ஒரு தடவை மோந்தார். "பாட்டி, இதைச் சுத்தம் பண்ணவா, வறுத்துத் தரவா?" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அகலமாகக் காட்டுகிற லென்ஸும் தூரத்தைக் கிட்டே இழுக்கிற லென்ஸும் தப்பித்தன. நடுவில் உள்ளது, ஐம்பது என்று எழுதியிருக்கிறதே, அதை டார்ச் வெளிச்சத்தில் பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி, ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து ஓடியிருந்தது, பூஞ்சை என்றார். எந்தத் தட்டில் இருந்தது என்று கேட்டார். காளானுக்குக் கீழே என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆ-வான், நீ அதை வாங்கி வந்த நாளில் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அகலமானது மலைக்கும் வீட்டுக்கும், நீளமானது கப்பலுக்கு, நடுவில் உள்ளது மனுஷ முகத்துக்கு, நம் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கும் என்றாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் அதை நான் மறக்கவில்லை. அந்த முக லென்ஸைத்தான் கெடுத்திருக்கிறேன். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர் பூஞ்சை என்று சொன்னவுடனே என் மனசில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. நல்லதாயிற்று, லென்ஸ் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், அவள் இங்கே வந்துதான் வேறு ஏற்பாடு பண்ணவேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடே அவர் கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தேன்.

அப்போது பான், "படம் யாரைப் பத்தி?" என்று கேட்டார். மீன் வெட்டுகிற கிழவி என்றேன். "அப்ப நீங்களா?" என்றார். முதலில் நான், இப்போது அந்த ஊர்க் கிழவி ஒருத்தி என்றேன். அவர் கெட்ட லென்ஸை ஒரு கேமராவில் மாட்டி, என்னைப் பார்க்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக் காட்டினார். என் பின்னால் இருந்த விளக்கு பனிக்குள் நிலா மாதிரி கரைந்து கிடந்தது, என் முகம் சூப் ஆவிக்குப் பின்னால் தெரிகிற மாதிரி இருந்தது. "வேணும்னே இப்படித் தேடி வாங்குறவங்களும் இருக்காங்க பாட்டி" என்று ஆறுதல் சொன்னார். ஆனால் எனக்கு அந்தப் போர்ச்சுகல் கிழவி நினைவு வந்தாள். அவளும் எத்தனை வருஷம் மீன் செதில் உரித்தவளோ. முதல் தடவையாக ஒருத்தி வந்து அவள் முகத்தைப் படம் எடுக்கப்போகிறாள், அது என் காளானால் கலங்கித் தெரிந்தால் அந்தப் பாவம் எனக்கு எதற்கு. ஐம்பது என்று போட்ட வேறு லென்ஸ் காட்டுங்கள் என்றேன்.

ஐந்து எடுத்து வைத்தார். அனுப்பும் முன்னால் லென்ஸை எப்படிப் பார்க்கவேண்டும் என்று நீ போனில் சொன்னதை எல்லாம் செய்தேன், டார்ச் அடித்துப் பார்த்தேன், வளையத்தைத் திருப்பினேன், உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற இதழ்கள் எண்ணெய் படாமல் சட்டென்று மூடித் திறக்கிறதா என்று பார்த்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரிந்த விதத்திலும் பார்த்தேன், மீனை எப்படிப் பார்ப்பேனோ அப்படி, மேலே மினுமினுப்பைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தேன். மூக்கருகே வைத்து மோந்ததைப் பார்த்து, "லென்ஸ் வாங்க வந்தீங்களா, கெளுத்தி வாங்க வந்தீங்களா?" என்று கடையில் இருந்த இன்னொரு ஆள் சிரித்தான். சிரிக்கட்டும். புதுசு மாதிரி மினுங்கின ஒன்று இருந்தது, அதன் வளையம் லொடலொட என்று ஓடியது, உள்ளே பார்த்தால் லேசாகப் பால் கலந்த மாதிரி. அதை ஒதுக்கிவிட்டேன். வெளியே வண்ணம் உரிந்து, யாரோ கீழே போட்டு விளிம்பு நசுங்கின ஒன்று, அதன் கண் அப்போதுதான் படகிலிருந்து இறக்கின மீன் மாதிரி தெளிவு, வளையமும் கெட்டியாக, நின்ற இடத்தில் நின்றது. அதை எடுத்தேன். பான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், தானும் அதைத்தான் எடுத்திருப்பேன் என்றார். வியாபாரி எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வான், ஆனாலும் எனக்கு சந்தோஷமாக இருந்தது. என்ன விலை என்று போனில் கேட்டுத் தொந்தரவு பண்ணாதே.

பெரிய கேமரா வாடகைக்கு எடுப்பதா, சின்னதைப் பழசாக வாங்குவதா என்று கூட இருக்கிறவர்கள் குழப்புகிறார்கள் என்றாயே. எனக்கு என்ன தெரியும், ஆனால் ஒன்று பார்த்திருக்கிறேன். டிவிக்காரர்கள் ஒரு தடவை சந்தைக்குப் பெரிய கேமராவும் விளக்கும் எட்டு ஆளுமாக வந்தார்கள். லியென் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு வந்து சிப்பியை ஒன்று ஒன்றாக அடுக்கினாள், யாரும் விலை கூவவில்லை, யாரையும் யாரும் திட்டவில்லை, எல்லோரும் பள்ளிக்கூடத்து வரிசை மாதிரி நின்றோம். அதே லியென், நீ மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து சின்னக் கேமராவில் எடுத்தபோது, பேரம் பேசினவனைப் பார்த்து, "சிப்பி உனக்குக் கல்லாத் தெரியுதுன்னா உன் தலையில போட்டுப் பாக்கவா?" என்று கேட்டாளே. நீ அங்கே இருக்கிறதையே அவள் மறந்திருந்தாள். நீ ஒருத்தியே தூக்கிக்கொண்டு நம் வீட்டு நூற்று முப்பது படியும் ஏறக்கூடியதாகப் பார்த்து எடு. அந்தக் கிழவிக்கும் ஒன்று சொல்லிவிடு, கத்தியைப் பிடிக்கும்போது கட்டைவிரல் மேலே வரக்கூடாது, பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மீன் வெட்டுகிற யாரும் படத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

பார்சல் நாளைக்குப் போகிறது. மூன்று லென்ஸும் உள்ளே இருக்கிறது, கணவாய் வைக்கவில்லை, ஆசையாகத்தான் இருந்தது. கெட்டுப்போன ஐம்பதை மற்றவையோடு சேர்க்கக்கூடாது, தொற்றும் என்று பான் சொன்னார். முடிந்தவரை துடைத்துக் கொடுத்தார், நூல் தின்ற தடம் போகாதாம், தினமும் கொஞ்சம் வெயிலில் வைத்தால் மேலே பரவாதாம். கீலுங்கில் வெயில் என்றதும் அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனாலும் காலையில் சமையலறை ஜன்னலில் வைக்கிறேன், மத்தியானம் மேகம் கொஞ்சம் விலகினால் உன் அறை ஜன்னலுக்கு எடுத்துப் போகிறேன், அந்த வெளிச்சம் போகிற வரைக்கும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோவும் அதுவும்தான். உன் பெட்டியைத் துடைத்து முள்ளை மறுபடியும் நாற்பத்தைந்தில் வைத்துவிட்டேன், உள்ளே ஒன்றும் இல்லை, பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. நீ வந்து எடுத்துப்போக இனி இந்த வீட்டில் அந்தக் கெட்டுப்போன ஒன்றுதான் மிச்சம், அதற்காக யாரும் இத்தனை தூரம் வரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும்.

லென்ஸோடு ஒரு சிவப்புத் துணியும் வைத்திருக்கிறேன், கோயிலில் புகை காட்டி வாங்கினது. முதல் நாள் படம் பிடிக்கும் முன்னால் அதைக் கேமராமேல் போர்த்தி, மேசையில் பழம் வைத்து, எல்லோரும் ஆளுக்கு ஓர் ஊதுவத்தி பிடித்துக் கும்பிட்ட பிறகுதான் துணியை எடுக்கவேண்டும், அந்த ஊர்க்காரர்கள் சிரித்தாலும் பரவாயில்லை. அந்தக் கிழவி கையிலும் ஒரு வத்தி கொடு. மாட்சூ தாய் உன் கூடவே இருப்பாள், மழை வேண்டிய நாளில் மழையும் நிற்கவேண்டிய நாளில் நிறுத்தமும் தருவாள். மறக்காமல் இஞ்சி வாங்கிக் குடி. பான் எடுத்த என் படத்தைத் தாளில் போட்டுக் கொடுத்தார், மங்கல்தான், அதையும் உள்ளே வைத்திருக்கிறேன். உன்னுடையது என்னிடம் இருப்பது விமான நிலையத்தில் எடுத்ததுதான், முடி தோள்வரை இருக்கிறது. இப்போது ஒட்ட வெட்டிவிட்டாய், காதருகே நரைத்துவிட்டது என்று உன் அண்ணன் சொல்கிறான். அவன் போனில் காட்டுகிறான்தான், நான் கண்ணாடியைத் தேடிப் போடுவதற்குள் அது இருண்டுவிடுகிறது. அதனால் நான் பொறுக்கின அந்த ஐம்பது வந்து சேர்ந்ததும், மற்ற வேலைக்கு முன்னால், அதைக் கேமராவில் மாட்டி யாரையாவது விட்டு உன்னை ஒரு படம் எடுக்கச் சொல், தாளில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பு. நல்ல லென்ஸாகத்தான் எடுத்தேனா என்று நானும் பார்க்கவேண்டும்.

உன் அம்மா,
லியாவ் சியூ-கிம்