அவள் தந்த சம்மதம்

மார்ச் 4
காலையில் இரண்டு தையல் இயந்திரங்களைச் சரிசெய்தேன். மதியம் சம்மன் வந்தது. என் மனைவி மீதான வழக்கில் நான் அரசுத் தரப்புச் சாட்சி. நர்ஸாக இருந்தபோது ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தாளாம். கிழித்தாள்தான். என்னிடமே சொன்னாள். என்னை விட்டுப் போய் இரண்டு வருடம். இப்போது என் முறை.

மார்ச் 9
தம்பி வந்தான். “ஒரு வக்கீலைப் பாருண்ணே.”
எதற்கு? சட்டப் புத்தகம் வாங்கிவிட்டேன். தொழிலையே தனியாகக் கற்றவன் நான்.

மார்ச் 10
கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாதாம். சரி. நானே சொல்ல விரும்பினாலும் அவள் சம்மதம் வேண்டுமாம்! காது என்னுடையது, வாய் என்னுடையது, பூட்டு மட்டும் அவளிடமா?

மார்ச் 11
அரசு வக்கீலிடம் சண்டை. “சட்டம் அதுதான் பெரியவரே. எந்த அம்மா சம்மதிப்பாங்க?” என்றார்.

மார்ச் 23
சம்மதித்துவிட்டாள். எழுதியே கொடுத்திருக்கிறாள்.
அவள் தங்கை போனில் பேசினாள்: “‘பேசட்டும், இல்லன்னா அவருக்குச் சோறு இறங்காது’ன்னு சொல்றா மாமா. ஏன் கிழிச்சான்னு என்கிட்டகூட அக்கா சொன்னதில்ல. உங்ககிட்ட என்ன சொன்னா?”
போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 24
அன்று கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டு சொன்னாள். “புதுசா வந்த பொண்ணு ஊசியை மாத்திப் போட்டுட்டா. ஆள் பிழைச்சுட்டார். அந்தப் பக்கம் இருந்தா அவ வாழ்க்கையே போயிடும். கிழிச்சுட்டேன்.”
‘முட்டாள்’ என்றேன். அடுத்த மாதம் போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்டேனா?

ஏப்ரல் 2
கூண்டில் ஏறினேன். “சொல்ல மாட்டேன்” என்றேன்.
“அவங்கதான் சம்மதிச்சுட்டாங்களே?” என்றார் நீதிபதி.
“சொல்லலாம்னு சம்மதம், ஐயா. சொல்லியே ஆகணும்னு புத்தகத்துல இல்ல.”
அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். “இறங்குங்க.”
வெளியே தம்பி, “அந்தக் குதி குதிச்சியே அண்ணே?” என்றான். அவள் போட்ட பிச்சையில் நான் பேசுவதா என்றேன். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

ஏப்ரல் 3
அவளே எழுந்து ஒப்புக்கொண்டாளாம். அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. எட்டு மாதம்.

ஏப்ரல் 19
சிறை வாசலில் பார்வையாளர் படிவம். உறவு என்ற இடத்தில் ‘கணவர்’ என்று எழுதினேன்.
காவலர் வாங்கிப் பார்த்தார். “அழுத்தாம எழுதுங்க பெரியவரே. அடுத்த தாள்லயும் பதிஞ்சிருக்கு.”