அக்கா நிறுத்திய குளிசை

மே 20, 2009, புதன்

கச்சான் காற்று. வெக்கை. நேற்றிலிருந்து சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள், யுத்தம் முடிந்ததாம். அக்கா யன்னல்களைச் சாத்திவிட்டாள். வன்னிக்கு வேலைக்குப் போய் அகப்பட்ட அவள் மகன் சுதனைப் பற்றி மாசியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. இருப்பது அவன் ஒருவன்தான். தகப்பனைச் சுனாமி கொண்டுபோயிற்று.

வாங்க: மண்ணெண்ணெய், சவர்க்காரம், தேங்காய்.

அக்கா சில நாட்களாகக் கதிரையில் இருந்தபடிதான் தூக்கம். படுத்தால் மூச்சு முட்டுதாம். காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கிறது.

மே 22, வெள்ளி

ஆஸ்பத்திரி. நீண்ட வரிசை. டாக்டர் இதயப் படத்தைக் காட்டிச் சொன்னார்: வருடக்கணக்காகக் கூடிய இரத்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இடப்பக்கச் சுவர் தடித்துவிட்டது. இப்போது களைத்து விரிகிறது. அதனால்தான் நெஞ்சிலும் காலிலும் நீர். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போட்டால் தாக்குப்பிடிக்கும்.

"போடாட்டி?"

மருந்துத் துண்டை எழுதி என்னிடம் தந்தார்.

"இதயம் பெருத்திருக்காம், அக்கா."

"புள்ளயக் காணாதவளுக்கு அது பெருக்காம சிறுக்குமா? போ, தங்கச்சி."

ஓட்டோவில்தான் உண்மை வந்தது. பங்குனியிலேயே குளிசையை விட்டுவிட்டாள். அம்மாளுக்கு நேர்த்தி: சுதனின் சேதி வரும்வரை மருந்து தொடுவதில்லை.

"அம்மாள் வருத்தம் வந்தா மருந்து குடிக்கிறமா? அவள்தானே பாக்கிறாள். இதையும் பாப்பாள்."

"அது கொப்புளிப்பான் அம்மை. இது இதயம்."

"படிச்ச கதை கதையாத, தங்கச்சி."

மே 31, ஞாயிறு

வன்னிச் சனத்தை வைத்திருக்கும் முகாமில் பக்கத்து வீட்டாரின் சொந்தக்காரர் விசாரித்தாராம். சுதனைக் கண்டவர் இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

குளிசையைத் தூளாக்கிக் கஞ்சியில் போடலாமா? கண்டுபிடித்தால் கஞ்சியையும் விட்டுவிடுவாள்.

இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறாள்.

ஜூன் 7, ஞாயிறு

பிறந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயில். அக்கா நேர்த்தி வைத்த அம்மாள். நாளை அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு. பூசை செய்யும் கட்டாடியாரைத் தனியே கண்டேன். கோயில் வாசல் மிதிக்காத நான்.

"வெச்ச நேர்த்திய இறக்கேலாது, புள்ள. வேணுமெண்டா கூடப்பிறந்தவள் ஏத்துக்கலாம்."

"நான் ஏத்துக்கிறன்."

"மருந்து குடியாத ஆள் மருந்த விட்டு என்னத்துக்கு? நீ ஏதும் குடிக்கிற நீயா?"

"ஓம். எனக்கும் பிரஷர்தான்."

"அப்ப சரி."

ஜூன் 8, திங்கள்

சனம். பறை. வேப்பிலையால் குளிர்த்தி நீர் தெளித்தார்கள். அக்கா பக்கத்தில் நிற்க, சுதன் பெயரைச் சொல்லி, நேர்த்தி இனி என்னுடையது என்று சத்தமாகச் சொன்னேன். என் குளிசையை வீட்டில் ஒளித்துக் குடிக்கலாம் என்ற எண்ணத்தோடுதான்.

"நீ நம்பாதவளாச்சே, தங்கச்சி."

"சொன்னாச் செய்வன்."

 திரும்பும் பஸ்ஸில் அக்கா போத்தல் தண்ணீரோடு தன் குளிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கினாள். எனக்கு அழுகை வந்தது. வெளியே பார்த்தேன். ஆறு, தோணிகள்.

ஜூன் 9, செவ்வாய்

அக்கா தலையணைகளில் சாய்ந்து கொஞ்சம் தூங்கினாள். மறக்காமல் காலைக் குளிசை கேட்டு வாங்கினாள்.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் குளிசையை எடுத்தேன். நம்பாதவளுக்கு இதில் என்ன தயக்கம்? ஒரு மடக்குத் தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் விழுங்கின பிறகு சுதனைப் பற்றிக் கெட்ட சேதி வந்தால்?

நாளைக்குப் போடலாம் என்று திரும்பக் கடதாசிச் சரைக்குள் வைத்தேன்.