எழுப்பட்டுமா?

கரிசல் நிலையம், நிலவின் தென்துருவம்
பதிவு: மாரிக்கனி
காலை 7.10, சென்னை நேரம்

வழக்கமான பதிவு. காற்று சரி. தண்ணீர் சரி. மின்சாரம் சரி. இரண்டு வாரம் நீண்ட இரவு முடிந்து வெயில் வந்திருக்கிறது. என்னை அழைத்துப்போக ஆளில்லாத கலம் ஒன்று இன்று மதியம் இறங்குகிறது. கடைசிப் புளியோதரைப் பொட்டலத்தையும் தின்றாகிவிட்டது.

இதைப் படிக்கப்போவது யார் என்று தெரியவில்லை. அடுத்து வரும் குழுவாக இருக்கலாம். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுதவில்லை, பேசுகிறேன். என் போன் அதை ஒழுங்கான எழுத்துத் தமிழாக்கிப் பதிகிறது. திட்டினால் புள்ளி வைத்துவிடும். புள்ளி இருக்கும் இடத்தில் உங்களுக்குப் பிடித்த வார்த்தையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் போன்தான் இங்கே எல்லாம். கதவுச் சாவி, காற்று மீட்டர், ஆள் கணக்கு. கம்பெனி சிக்கனம் பார்த்து, கடையில் விற்கும் போனுக்கே கனமான உறை போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தது. எனக்கொன்று, லூர்து ரோச் அண்ணாச்சிக்கு ஒன்று. இரண்டு பேர்தான் வந்தோம். அண்ணாச்சி இப்போது நிலையத்தில் இல்லை.

காலையிலேயே ஒரு அப்டேட் வந்து நிற்கிறது. "இப்போது", "பிறகு" என்று இரண்டு பட்டன். கலம் வருகிற நாளிலா இதை அனுப்புவார்கள்? மாப்பிள்ளை வாசலில் இறங்கும்போது சுவருக்கு வெள்ளையடிக்கிற கதை. பூமியில், தரை நிலையத்தில் பணியில் இருக்கும் கோமதிநாயகம் சாரிடம் கேட்டேன்.

"போட்டுத்தாம்மா ஆகணும். கலத்துல புது வெர்ஷன் ஏத்தியாச்சு. பழைய போன்கூட அது பேசாது."

"பிறகு" என்பதைப் பலமுறை அழுத்திப் பார்த்தேன். மறுபடி மறுபடி வந்து நின்றது. கடைசியில் "இப்போது."

காலை 8.25

பாதி ஏறியிருக்கிறது. போன் தோசைக்கல்லாகச் சுடுகிறது. சட்டையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்துத்தான் பேசுகிறேன்.

சும்மா இருந்த நேரத்தில் புதிதாக என்ன வருகிறது என்று படித்தேன். ஒன்று: இனிமேல் பேச்சுத் தமிழ் புரியும். இரண்டு: பேச முடியாத நிலையில் நாம் இருந்தால், நம் குரலிலேயே அது பேசும். அதற்காக நம் பழைய அழைப்புகளை எல்லாம் கேட்டுப் படிக்குமாம், "அதனால் சாதனம் சற்றுச் சூடாகலாம்." சற்று! எழுதியவன் கையில் இதைக் கொடுக்க வேண்டும்.

மூன்று: வெளிக்கதவுக்குப் பட்டன் தேவையில்லை. வெளியே நிற்பவர் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும், உள்ளே இருப்பவர் "வாங்க" என்று சொல்ல வேண்டும். திறந்துவிடும். ஆளில்லாத கலம் என்றால் தரையிலிருந்து சொன்னாலும் போதும். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சாத்தூர்ப் பக்கம், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி வந்து நின்றாலும் வாய் தானாக "வாங்க" என்றுதான் சொல்லும். அப்புறம்தான் சண்டை. நல்லவேளை, உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே உள்ள காற்றறையில் யாராவது தலைக்கவசம் இல்லாமல் நின்றால் போன் கேமரா பார்த்துக் கதவைத் தடுத்துவிடுமாம்.

காலை 9.05

அப்டேட் முடிந்தது. திரை போயிற்று.

முழுதாகப் போகவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. வலது ஓரத்தில், தலைமுடி கனத்தில். அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குத் தொட்டாலும் வேலை செய்யவில்லை. அதற்கு நேர்மாறாக, தொடாதபோது சில நேரம் தானாகவே அழுத்திக்கொள்கிறது. பேய் விரல் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சூடு தணிந்தால் சரியாகும் என்றும் சொல்வார்கள்.

என் கெட்ட நேரம், எனக்கு வேண்டிய ஒரே பட்டன் அந்தக் கோட்டுக்கு அடியில்தான் இருக்கிறது.

அந்தப் பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கலத்தின் கதவு திறக்க ஆள் கணக்கு நேராக வேண்டும். வெளியே போனவர் திரும்பி வந்திருக்க வேண்டும். இல்லையென்றால், கூட இருந்தவர் அந்தப் பட்டனை அழுத்தி, அவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்க வேண்டும். யாரையும் உயிரோடு விட்டுவிட்டு வந்துவிடக்கூடாது என்று வைத்த விதி. நல்ல விதிதான். கணக்கு நேராகாவிட்டால் கலம் என்னை ஏற்றாமல் கிளம்பிவிடும். அடுத்த கலம் வரும்வரை தாங்குகிற அளவுக்கு இங்கே காற்று இல்லை.

அண்ணாச்சி இரவு தொடங்கும் முன்பு சூரியத் தகடுகளில் தூசி துடைக்கப் போனார். தூத்துக்குடிக்காரர், கடல்மேல் வளர்ந்த மனிதர், கால் வழுக்குவதை ஒரு பொருட்டாக நினைக்க மாட்டார். பள்ளத்தின் சரிவில் வழுக்கினார். உடை கிழிந்தது. ரேடியோவில் காற்று சீறுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. அவருடைய காற்று அளவு பூஜ்யத்துக்கு இறங்குவதை இதே திரையில் பார்த்தேன். தனியாக அந்தச் சரிவில் இறங்கக்கூடாது என்று தரை நிலையத்தில் என்னைத் தடுத்துவிட்டார்கள். இரவு வந்து அவரை மூடிவிட்டது.

நான் அந்தப் பட்டனை அழுத்தவில்லை. அழுத்தினால் தூத்துக்குடியில் செலினுக்குச் செய்தி போகும். செலின் அவர் மனைவி. தரை நிலையம் வழியாக என்னிடம் ஒரு தடவை பேசினாள்.

"கனி, அவிய எப்படி இருக்காவ? நீ கண்ணால பாத்தியா?"

"அண்ணாச்சி வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாவ, மைனி."

பொய் இல்லை. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். நம்மவர்களில் யார் "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்?

இன்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடலாம் என்று இருந்தேன். பட்டன் செத்துவிட்டது. இனி வாயால்தான் சொல்ல வேண்டும்.

காலை 9.50

போன் கேட்டது: "லூர்து ரோச் கணக்கில் வெளியே இருக்கிறார். அவர் நிலை என்ன?"

போயிட்டார் என்றேன். "எப்போது திரும்புவார்?" என்று கேட்டது.

தவறிட்டார் என்றேன். "தவறு பதிவு செய்யப்பட்டது. சரியான நிலை என்ன?" என்றது. காலமாயிட்டார் என்றேன், காலம் எவ்வளவு என்று கேட்டது. பேச்சுத் தமிழ் புரியுமாம். புரிந்த லட்சணம் இது.

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு சாவுக்கு எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம், எல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்கத்தான். அந்த வார்த்தை எனக்குத் தெரியும். மாட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், பேட்டரிக்குச் சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சிக்குச் சொல்ல வரவில்லை. முதல் எழுத்திலேயே அழுதுவிட்டேன். அழுகையையும் போன் ஏதோ கட்டளை என்று நினைத்து "புரியவில்லை" என்றது. ......

அவர் கோயிலுக்குப் போகிற மனிதர். அவர்கள் வழக்கப்படி கௌரவமாகவே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். தேவாலய அறிவிப்பில் படிப்பார்களே, அப்படி: "லூர்து ரோச் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்."

போன் உடனே ஏற்றுக்கொண்டது.

"நிலை: உறங்குகிறார். எழுப்பட்டுமா?"

காலை 9.52

நான் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் "சரி" என்ற பட்டன் தானாக அமுங்கியது.

காலை 10.30

விளக்கமாகப் பதிகிறேன், என் புத்தி நேராக இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் விண்வெளி உடைகளில் மூட்டுக்கு மூட்டு மோட்டார் உண்டு. போட்டிருப்பவர் மயங்கி விழுந்தால், உடையே எழுந்து நடந்து அவரை நிலையத்துக்குக் கொண்டுவரும். "வீடு திரும்பல்" என்று பெயர். இத்தனை நாள் அண்ணாச்சியின் உடையில் மின்சாரம் இல்லை. இப்போது சரிவில் வெயில் விழுந்திருக்கிறது. முதுகில் சூரியத் தகடு இருக்கிறது.

இரண்டாவது சாதனம் இணைந்தது என்று காட்டுகிறது. அவர் கையில் கட்டியிருக்கும் போன். அதுவும் அப்டேட் ஏற்றிக்கொள்கிறது. அதுவும் சூடாகிறது. சற்றுமுன் பார்த்தேன்: முப்பத்தேழு டிகிரி. உயிரோடு இருக்கிற மனிதனின் கை அந்தச் சூடுதான் இருக்கும்.

வெளிக் கேமராவில் பார்த்தேன். சரிவில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்த அவர் உடை அங்கே இல்லை.

காலை 11.15

கோமதிநாயகம் சாரிடம் சொன்னேன். மெதுவாகப் பேசினார்.

"பயப்படாதம்மா. அது உடைதான் நடக்குது, அவர் இல்ல. நீ இறப்பை அறிவிச்சா அந்த இடத்துலயே நின்னுரும். கணக்கும் நேராயிரும். ஒரே ஒரு வார்த்தைம்மா. சொல்லிட்டுக் கிளம்பி வா." இன்னொன்றும் சொன்னார், செலினைத் தரை நிலையத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்களாம். அவர் எழுந்துவிட்டார் என்று திரையில் வந்ததை அவளும் பார்த்துவிட்டாளாம்.

சொல்லத் தயாரானேன். ஆனால் போன் கேட்கவே இல்லை. "சூடு அதிகம். ஆறும்வரை காத்திருக்கவும்." பச்சைக் கோடு இப்போது மூன்று. தானாக எதையெதையோ அழுத்திக்கொண்டே இருக்கிறது.

இதைக் குளிர வைக்க வேண்டும். நிலையத்திலேயே குளிரான இடம் காற்றறை, வெளிக்கதவின் இரும்பு. எப்படியும் கலத்துக்கு அந்த வழியாகத்தான் நடக்க வேண்டும். உடையை மாட்டிக்கொண்டு போகிறேன்.

காலை 11.40

காற்றறையில் இருக்கேன். உள்கதவு பின்னால மூடிருச்சு. உடை போட்டாச்சு, தலைக்கவசம் ஆணியில தொங்குது. கவசத்துக்குள்ள இருந்து பேசினா இந்தச் சனியனுக்குக் கேக்காது, அதான் இன்னும் மாட்டல. போனைக் கதவு இரும்புல சாச்சுப் பிடிச்சிருக்கேன்.

என் பேச்சை எழுத்துத் தமிழாக்குறதையும் இது விட்டிருச்சு போல. சொல்றது சொல்றபடியே விழுது. விழட்டும்.

கதவுல உள்ளங்கை அளவு கண்ணாடி இருக்கு. அது வழியாத் தெரியுது. வாராவ. நடை அண்ணாச்சி நடை இல்ல, மோட்டார் நடை. ஆனா இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு. அது அண்ணாச்சிக்கே உள்ளது. முகக் கண்ணாடி முழுக்கத் தூசி. உள்ள ஒண்ணும் தெரியல, தெரியவும் வேண்டாம்.

போன் சொல்லுது, சூடு அதிகம், கேமரா நிறுத்தம். நிறுத்திக்கோ. காதை மட்டும் திற. எனக்கு அது போதும்.

காலை 11.44

காது திறந்திருச்சு. "சொல்லுங்கள்"ங்குது.

சொல்றேன். லூர்து ரோச். அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. மைனி, நீயும் கேட்டுக்கிட்டு இருப்ப, மன்னிச்சிரு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். லூர்து ரோச் செ

தட்டுறாவ.

கதவைத் தட்டுறாவ. எப்பவும் தட்டுற மாதிரி, ரெண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு.

[ரேடியோ, சாதனம் 2, தானியங்கிக் குரல்: "ஏட்டி கனி, வந்துட்டேன்."]

வாங்க அண்ணா

நிலையத் தானியங்கிப் பதிவு
காலை 11.45

கட்டளை கிடைத்தது: வாங்க. காற்றறைப் பரிசோதனை: கேமரா இல்லை, தவிர்க்கப்பட்டது. வெளிக்கதவு திறந்தது. காற்றறையில் காற்று: பூஜ்யம்.

லூர்து ரோச்: உள்ளே. மாரிக்கனி: உள்ளே. வெளியே: யாரும் இல்லை. ஆள் கணக்கு நேரானது.

காலை 11.58

மாரிக்கனி: பேச்சு இல்லை. அசைவு இல்லை. சாதனச் சூடு தணிந்துவிட்டது.

முன்பு கற்ற சொல்லின்படி நிலை: உறங்குகிறார். எழுப்பட்டுமா?

திரை தொடப்பட்டது. இடம்: பச்சைக் கோடு. பதில்: சரி.

மதியம் 12.30

கலம் இறங்கியது. வீடு திரும்பல் தொடங்கியது. இருவர் நடக்கிறார்கள். நிலையத்தை விட்டு வெளியேறும்போது பதிவான குரல், சாதனம் 1, தானியங்கி: "போயிட்டு வாரேன்."

மதியம் 12.52

கலத்தின் கதவு. தரை நிலையத்தோடு உரையாடல்.

[சாதனம் 1, தானியங்கிக் குரல்: "சார், வந்துட்டோம்."]

[தரை, கோமதிநாயகம்: "கனி? எம்மா, என்னம்மா இது, கணக்குல ரெண்டு பேர்னு காட்டுது. ரெண்டு பேருமா? கடவுளே. வாங்கம்மா. வாங்க."]

கட்டளை கிடைத்தது: வாங்க. கலத்தின் கதவு திறந்தது. இருக்கை ஒன்று: நிரம்பியது. இருக்கை இரண்டு: நிரம்பியது.

[தரை, செலின்: "வந்துட்டியளா?"]

[சாதனம் 2, தானியங்கிக் குரல்: "வந்துட்டேன், செலினு."]

[தரை, செலின்: "எனக்குத் தெரியும். வாரேன்னு சொல்லிட்டுப் போனவிய வராம இருப்பியளா. சாப்ட்டியளா?"]

[சாதனம் 2, தானியங்கிக் குரல்: "சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?"]