கல் பெற்ற வெண்ணிக்கு நிலம் தரும் ஓலை

மங்கலம் பெருகுக. கழிமுகமும் குன்றும் காத்து, ஆழிமங்கலத்து அரியணையில் வீற்றிருந்து பூங்கழிநாடு ஆளும் உலகுடைநங்கையாகிய நாம், கரும்பாறைக் கூற்றத்து அதிகாரியும், நம் செவிலித்தாய் பெற்ற மகனும், அவள் பாலை நம்மோடு பகிர்ந்துண்டவருமான ஏனாதி கீரன் குமரனாருக்கு விடுக்கும் திருமுகம். உம் கூற்றத்து ஏரிகள் நிறைக; குடிகள் பசியறியாது வாழ்க. உம்மை வாழ்த்த மட்டும் இன்று நமக்கு நா எழவில்லை.

பெருவழியில் போவோரிடம் காவல்வரி கொள்வது நம் வழக்கம். அவ்வழியில் கள்வர் கையால் ஒருவர் மாண்டால், கள்வர் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், மாண்டவர் வீட்டாருக்கு உயிருக்கு ஈடாக அரண்மனை நிலத்தில் உதிரப்பட்டி அளந்து கொடுப்பதும் நம் வழக்கம். தாமே எதிர்த்துப் பொருது வீழ்ந்த வீரருக்கு மட்டும் நிலத்துக்கு மாறாக நடுகல். காக்கிறோம் என்று கைநீட்டி வாங்கியவர், காவாதபோது தலைகுனிந்து கொடுக்க வேண்டும். குடிகளுக்கு நாம் தந்த வாக்கு அது.

சென்ற தை அறுப்பின்போது உப்பு விற்கும் உமணன் ஒதியன் உம் கணவாயில் வெட்டுண்டு இறந்தான். நீர் நமக்கு எழுதியது என்ன? கள்வரைத் தனியனாய் எதிர்த்துப் பொருது வீழ்ந்த வீரன் அவன் என்றும், அவனுக்கு எடுத்த நடுகல்லுக்குப் பூச்சூட்ட நாமே எழுந்தருள வேண்டும் என்றும் எழுதினீர். வந்தோம். கல்லுக்கு நெய்யாட்டிப் பூச்சூட்டினோம். அருகே நின்று நீர் கண் துடைத்துக்கொண்டீர், நாமும் அழுதோம். அவன் மனைவி வெண்ணி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். துயரம் என்று எண்ணினோம். என்ன மடமை!

இப்போது அவள் ஆழிமங்கலம்வரை நடந்துவந்து, அவையில் நின்று சொன்னாள்: "தாயே, எம் புருசன் சண்டைன்னாலே ஒதுங்கிப் போறவரு. வண்டிக்கு அடியில தூங்கயில வெட்டிப் போட்டாங்க. காவச் சாவடியில ஒரு ஆளு இல்ல. நெலம் கேட்டா, சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல்லுதான், நெலம் கெடையாதுங்கறாரு அதிகாரி. கல்ல உலையில போட்டா வேகுமா, தாயே?"



விசாரித்தோம். அன்று சாவடிக் காவல் உம் மைத்துனனுடையது. அவனோ ஆட்களோடு உம் மகளின் காதுகுத்து விருந்தில் கிடந்தான். உதிரப்பட்டி கொடுத்தால் காவல் தவறியது ஊரறிந்துவிடும் என்று, உறங்கியவனை வீரனாக்கினீர்.

குமரா, ஒரே மடியில் வளர்ந்தோமே! மைத்துனன் இப்படிச் செய்துவிட்டான் என்று என்னிடம் வந்து சொல்லியிருந்தால், வாயார வைதிருப்பேன். அப்புறம் நிலத்தைக் கொடுத்திருப்பேன். உண்ட வீட்டுக்கே இரண்டகம் செய்தாய். உன் பொய்க்கு என் கையாலேயே பூச்சூட்ட வைத்தாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓலை எழுதுபவர், இவ்வரிகளை மரியாதைச் சொல்லுக்கு மாற்றவா என்று கேட்டார். வேண்டாம் என்றோம்.

இனி ஆணை. உம் பதவிக்கு ஊதியமாக நாம் தந்த ஆற்றங்கரை நன்செய் முழுதும் இன்றுமுதல் வெண்ணியின் உதிரப்பட்டி. நிலம் அளிக்கும் வழக்கப்படி பெண்யானையை முன்நடத்தி எல்லை சுற்றும்போது, எல்லைக் கற்களை ஊர் காண நீரே சுமந்து நடுவீர். உம் மைத்துனனைக் காவலினின்று நீக்கினோம். கடைசிக் கல் நட்டபின் உம் முத்திரை மோதிரத்தை இவ்வோலை கொணர்ந்தவரிடம் கழற்றிக் கொடுப்பீர்.

நடுகல்லைப் பிடுங்கி எறியவே நினைத்தோம். வெண்ணிதான் வேண்டாமென்றாள், பிள்ளை அதை அப்பன் என்று கட்டிக்கொள்கிறதாம். ஆகவே கல் நிற்கட்டும். வீரன் என்ற சொல்லைச் செதுக்கி நீக்கிவிட்டு, "உப்பு விற்ற ஒதியன், காவல் உண்டென்று நம்பி உறங்கினான்" என்று வெட்டுக. அதன் கீழே, காக்கத் தவறியவர் என இரண்டு பெயர் வெட்டுக. இரண்டாவது உம் பெயர். வரி வாங்கிய கை நம்முடையது. ஆகவே முதலில் நம் பெயர்.

கண்டபொழுதே செய்க. வலம்புரி முத்திரை இட்டோம்.