எஃப்ரேம் ஊரைவிட்டுப் போன வாரம்

ஓஹாய், கலிஃபோர்னியா
14 ஜனவரி 1969

அன்புள்ள சால்,

நலம்தானே? நெட்டிக்கு முழங்கால் வலி. எனக்கு மூச்சு வாங்குவது போன மாதத்தைவிட மோசமில்லை. ஆரஞ்சு நிறையக் காய்த்திருக்கிறது. ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

இனிப் புகார். போன வாரத் திங்கட்கிழமை நம் தொலைக்காட்சித் தொடரில் நான் நடிக்கும் எஃப்ரேம் கிழவன் குதிரை லாயத்துச் சாவியை ஷெரீஃபிடம் கொடுத்துவிட்டு, டென்வரிலுள்ள தங்கை வீட்டுக்குக் கோச் வண்டி ஏறினான். பதினோரு வருடம் அவனை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தேன். சிரிப்பே இல்லாத ஒரு காட்சி கேட்டேன். தயாரிப்பாளராக நீ கொடுத்தாய். இனி நடிக்க எனக்கு மூச்சில்லை, அதுவே கடைசி. நெட்டி அழுதாள். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

நேற்றைய ஒளிபரப்பில் அதே எஃப்ரேம் லாயத்தில் வைக்கோல் அள்ளுகிறான், கழுதையிடம் உதை வாங்குகிறான். இன்று காலை காபிக்கடை டோரீன் கேட்கிறாள்: "என்ன பெருசு, ஒரே வாரத்துல திரும்பிட்டே? தங்கச்சி வீட்டுல சாப்பாடு போடலையா?" கடையே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்துவைத்தேன்.

என்ன நடந்தது, சால்?

உன்
லோவெல்


பர்பாங்க்
20 ஜனவரி 1969

அன்புள்ள லோவெல்,

ஆரஞ்சு வந்தது. பாதியை அலுவலகத்துப் பெண்கள் தீர்த்துவிட்டார்கள்.

அது ஆகஸ்டில் எடுத்த படம். அதன் முறை வந்த இரவில் தேர்தல் பேச்சைப் போட்டார்கள், படம் கிடப்பில் போய்விட்டது. இப்போது வேறொன்று தயாராகாததால் இதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். தொலைக்காட்சி நிறுவனத்து ஆளிடம் கத்தினேன். "எது முன்னாடி எது பின்னாடின்னு யாரு சார் பார்க்கிறா? கிழவன் வந்தா ஜனங்களுக்குச் சந்தோஷம்தானே" என்கிறான்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: போதகரின் குதிரை திருடுபோகும் கதையும் மிச்சமிருக்கிறது. பிப்ரவரி 17 அன்று வருகிறது. அதில் நீ பிரமாதம். கோபப்படாதே.

நெட்டிக்கு என் அன்பு.

சால்


ஓஹாய்
24 ஜனவரி 1969

சால்,

நான் பிரமாதமாக இருப்பதுதான் சங்கடம். போய்வருகிறேன் என்று சொன்னவன் அடுத்த வாரமே வந்து நின்றால், அவன் ஊரைவிட்டுப் போனானா, கழிப்பறைக்குப் போனானா? அவன் போனது ஊருக்கு ஒரு குறையாகத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்தக் காட்சியைக் கேட்டேன்.

போதகர் கதையை நிறுத்திவை. முடியாதென்றால் என்னை அதிலிருந்து வெட்டி எடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

லோவெல்


பர்பாங்க்
10 பிப்ரவரி 1969

அன்புள்ள லோவெல்,

நிறுத்த முடியவில்லை. நான் கெஞ்சிக்கொண்டிருக்க, அந்த ஆள் போனிலேயே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

ஆகவே நீ சொன்னபடி செய்தேன். நானும் படத்தொகுப்பாளர் ஹாலும் உட்கார்ந்து உன்னை எடுத்துவிட்டோம். போதகரிடம் நீ பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் இடம் போனபோது ஹால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டான். "நிஜமாத்தான் சொல்றியா சால்? இந்தப் படத்துக்கு உயிரே கிழவன்தான்யா" என்றான். குறைந்த நிமிடங்களை ஒரு குதிரைத் துரத்தலை நீட்டி நிரப்பினோம்.

பழைய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. மனம் மாறினால் வெள்ளிக்குள் போன் செய்.

சால்


ஓஹாய்
18 பிப்ரவரி 1969

அன்புள்ள சால்,

நான் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்று நெட்டி உன்னிடம் சொல்வாள், நம்பாதே.

நேற்றிரவு பார்த்தோம். லாயக் கதவு திறந்திருந்தது. குதிரைகள் தின்றுகொண்டிருந்தன. யார் தீனி வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? அதைப் படமாக்கியபோது நான் பக்கத்தில்தானே நின்றேன். திருடன் பிடிபட்டான், போதகர் ஜெபம் செய்தார், சோப்பு விளம்பரம் வந்தது. எங்காவது ஒரு பொத்தல் தெரியும் என்று கடைசிவரை தேடினேன். ஒரு தையல்கூடத் தெரியவில்லை. நீயும் ஹாலும் கெட்டிக்காரர்கள்.

நெட்டி தையலிலிருந்து நிமிர்ந்து, "நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் கேட்டதை நீ செய்தாய், உன்மேல் எனக்கு ஒரு வருத்தமுமில்லை. இதை நான் இன்னும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும்போலத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. நெட்டி மாட்டிறைச்சி வறுவல் செய்கிறாள். டோரீன்கூட இன்று காலை எஃப்ரேமைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. காபி ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

அந்தப் பழைய பிரதியை எரித்துவிடாதே.

லோவெல்